முந்தின நாளே எழுதிய தீர்மானம்

எங்கள் அலுவலகத்தில் அவளைக் குறிப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லித் தேடி வந்தால் வாசல் காவலாளிகூட "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பொது சுகாதார ஒழுங்குமுறை வாரியத்தின் கூட்டங்களுக்குப் பத்தொன்பது வருஷமாக நடவடிக்கைக் குறிப்பு எழுதியவள் அவள். நான் அவளுக்கு எதிர் மேசை. தபால் பிரிவு. வருகிறதைப் பதிவேட்டில் ஏற்றி, போகிறதற்கு முத்திரை குத்துகிற வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இதைச் சொல்ல அந்த வாய்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் வாரியத்தின் வேலை உரிமம் கொடுப்பதும் பிடுங்குவதும். தண்ணீர் ஆலை, ரத்தப் பரிசோதனைக் கூடம், சின்ன மருத்துவமனை, உணவுக் கிடங்கு என்று சுத்தம் தேவைப்படுகிற எதற்கும் எங்கள் முத்திரை வேண்டும். வாரியத்துக்கு ஒன்பது உறுப்பினர்கள். மாதத்துக்கு ஒரு நாள் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா சேருவதற்கு முன்னால், கூட்டம் முடிந்து குறிப்பைத் தட்டச்சு செய்து ஒன்பது பேரிடமும் கையெழுத்து வாங்குவதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிடுமாம். மூடச் சொல்லித் தீர்மானித்த பரிசோதனைக் கூடம் அதுவரைக்கும் ஊசி குத்திக்கொண்டே இருக்கும்.

இதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே, நிகழ்ச்சி நிரலை வைத்து, நடவடிக்கைக் குறிப்பை முழுதாகத் தட்டச்சு செய்துவிடுவாள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்கிற இடம் மட்டும் காலி. ஒன்பது பிரதி எடுத்து ஒவ்வொரு நாற்காலிக்கு எதிரிலும் எழுதும் அட்டைக்கு அடியில் வைத்துவிடுவாள். இதற்கு முன்தாள் என்று பெயர். நிரலில் உள்ள ஒரு பொருள் பேசி முடிந்ததும் அந்தந்தத் தாளின் கீழே கையெழுத்துப் போட வேண்டியதுதான். கூட்டமும் முடிந்தது, கையெழுத்தும் முடிந்தது. பேச்சு வேறு மாதிரிப் போய்விட்டால் எல்லாத் தாளையும் பிடுங்கிக்கொண்டு வந்து, அவர்கள் தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் மாற்றி அடித்துக்கொண்டு போவாள். அது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். இருபது பொருளில் மூன்றோ நான்கோ அப்படி மாறும். முந்தைய தலைவர் ஒருவர் அவளை மேடையில் ஏற்றிப் பாராட்டியிருக்கிறார்.

"கூட்டமே எதுக்குக்கா? தாளை அவங்க வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிடலாமே. நானே முத்திரை குத்தி அனுப்பறேன்" என்று நான் கிண்டல் செய்வேன்.

"வேலையைப் பாருடி" என்பாள்.

இப்போது தலைமை நிர்வாகிக்கு வருகிறேன். வாரியத்தின் முடிவுகளை நடத்தி வைப்பவர் அவர். மருத்துவராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் தெர்மாமீட்டர் வைத்திருப்பார். எங்கள் உணவகத்துக்கு வந்த முதல் நாளே பால் பாத்திரத்தில் அதை விட்டுப் பார்த்து, "இன்னும் ஏழு டிகிரி சுடணும்" என்றார். அன்றிலிருந்து அவருக்குத் தெர்மாமீட்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சிரிக்க மாட்டார், சாப்பிட்டாயா என்று ஒருவரையும் கேட்க மாட்டார். லஞ்சமும் வாங்க மாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் லஞ்சம் வாங்காதவர்களுக்கெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரியலாம் என்று அனுமதி யார் கொடுத்தது?

ஒரு திங்கட்கிழமை அக்கா எட்டு நிமிஷம் தாமதமாக வந்தாள். வழியில் பேருந்து நின்றுவிட்டது. அவ்வளவுதான். அந்த மனுஷன் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவள் வாங்கிய முதல் மெமோ. வாசித்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தவள், ஒரு வாரத்துக்கு நாளுக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தாள்.

"கிழிச்சுப் போடுக்கா" என்றேன்.

"எட்டு நிமிஷம்னு எழுத்துல எழுதியிருக்கான்டி. எண்ணியிருக்கான்" என்றாள். அவள் யாரையும் அவன் இவன் என்று பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அந்த வருஷம்தான் தெர்மாமீட்டர் இரண்டு தண்ணீர் ஆலைகளை இழுத்து மூடினார். பரிசோதனையில் கிருமி வந்தது, மூடினார். வாரியத்தைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் மூட வேண்டும் என்பது விதி, அவசரமானால் மூடிவிட்டுச் சொல்லலாம் என்பது இன்னொரு விதி. அவசரமா இல்லையா என்பதுதான் சண்டை. எங்களைக் கேட்காமல் மூட இவருக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஏழாவது பொருளாக அவருடைய பதவியே வந்தது. தலைமை நிர்வாகியின் விளக்கத்தைக் கேட்டுத் தக்க முடிவெடுத்தல் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வாரியத் தலைவர் அக்காவைக் கூப்பிட்டார். போய் இரண்டு நிமிஷத்தில் வந்தாள். நான்கு மணிக்கு உட்கார்ந்து முன்தாள் அடித்தாள். ஏழாவது பொருளுக்கு அடியில் இப்படி இருந்தது: "தலைமை நிர்வாகி நேரில் அழைக்கப்பட்டு அவரது விளக்கம் முழுமையாகக் கேட்கப்பட்டது. விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. அவரைப் பதவியிலிருந்து நீக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

மறுநாள் கூட்டம் பத்தரைக்கு. என் மேசையிலிருந்து கூட்ட அறை வாசல் தெரியும். வெளியே போட்டிருந்த பெஞ்சில் அந்த மனுஷன் பச்சைக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு பக்க விளக்கமாம். பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நான்கு நிமிஷத்தில் வெளியே வந்தார். கோப்பின் நாடாவை அவிழ்க்கக்கூட இல்லை. உள்ளே நடந்ததை அக்கா சொன்னாள். அவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் ஓர் உறுப்பினர் அட்டைக்கு அடியிலிருந்து தாளை உருவிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தெர்மாமீட்டர் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். "உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது" என்று தலைவர் சொன்னார். அவ்வளவுதான் விசாரணை.

அன்றைக்கு அக்கா தாளை மாற்றி அடிக்கவில்லை. தேநீர் நேரம் முழுதும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. நீக்க உத்தரவுக்கு முத்திரை குத்தினது நான்தான், கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். சனியன் விட்டது என்று அன்றைக்கு உணவகத்தில் எல்லோரும் இரண்டாவது தேநீர் குடித்தோம்.

அவர் சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இந்த மாதிரி வழக்கில் நீதிமன்றம் ஆள் நல்லவரா கெட்டவரா, ஆலையை மூடினது சரியா தப்பா என்றெல்லாம் பார்க்காதாம். வெளியே அனுப்பினார்களே, அதை முறைப்படி செய்தார்களா என்பதை மட்டும் பார்க்குமாம். என்னைக் கேட்காமலே முடிவு செய்தார்கள், நான் பேசும்போதே கையெழுத்துப் போட்டார்கள் என்பது அவர் மனு. அது வருகைப் பதிவுக்கான கையெழுத்து என்று வாரியம் பூசி மெழுகியது. நீதிபதி நடவடிக்கைக் குறிப்பின் மூலப் பிரதியைக் கேட்டார். கூடவே, அந்தக் குறிப்பு எப்படி எப்போது தயாரானது என்று அதை எழுதியவர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றார்.

எழுதியவர் என்றால் அக்கா.

வாரியத்தின் வக்கீல் இரண்டே பக்கத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்து அனுப்பினார். "நான் கூட்டத்தில் நேரில் இருந்து குறிப்பெடுத்து, கூட்டம் முடிந்த பின் மேற்படி நடவடிக்கைக் குறிப்பை உண்மையாகவும் சரியாகவும் தயாரித்தேன்." கீழே கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. போட்டால் அது பொய்ச் சத்தியம். போடாவிட்டால் முன்தாள் குட்டு வெளிப்படும். பத்தொன்பது வருஷக் குறிப்பையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அவள் ஓய்வுபெற இன்னும் பதினைந்து மாசம்தான் இருந்தது.

தலைவர் அவளை உட்கார வைத்துப் பேசினாராம். "வழக்கமான வாசகம்தாம்மா. எல்லா வழக்குலயும் இதையேதான் போடுவாங்க. நாலு நாள்ல குடுத்துடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. சமையலறை மேசைமேல் அந்தப் பத்திரம் கிடந்தது. மேலே ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள், மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க. அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். பேசும்போது கவலை வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும், பக்கத்தில் ஓட்டுகிறவன் இடிக்கப் போகிறான் என்கிற மாதிரி. அன்றைக்குத் தரையில் காலை வைத்தபடியே இருந்தார்.

"போட்டுட்டு வந்துடச் சொல்லு" என்றார் என்னிடம், அவள் பக்கத்திலேயே இருக்கும்போது. "அந்தாளுக்காக இவ ஏன் மாட்டிக்கணும்? எட்டு நிமிஷத்துக்கு மெமோ குடுத்தவன்தானே?"

"அத்தான் சொல்றதுதான் சரி" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். "அவர் இருந்தா என்ன, போனா என்ன? உனக்குப் பதினஞ்சு மாசம்க்கா. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடு."

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "அவர் பேசவே இல்லை. பேசினார்னு எழுதியிருக்கேன்" என்றாள்.

"தலைவர் எழுதச் சொன்னார், எழுதினே. உன் தப்பு என்ன இதுல?" என்றார் அத்தான்.

 எங்கள் இருவருக்கும் தட்டு எடுத்து வைத்தாள்.

நான்காம் நாள் வக்கீலே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அக்கா பத்திரத்தை எடுத்தாள். பேனாவை எடுப்பாள் என்று பார்த்தால் பென்சிலை எடுத்தாள். அவள் கைக்கு எந்த வரைவு வந்தாலும் பென்சிலால் திருத்துவது வழக்கம். 'கூட்டம் முடிந்த பின்' என்பதை அடித்து, மேலே 'கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு' என்று எழுதினாள். 'உண்மையாகவும் சரியாகவும்' என்பதையும் அடித்தாள். ஓரத்தில், 'தலைமை நிர்வாகி நான்கு நிமிடம் மட்டும் உள்ளே இருந்தார், அவரது விளக்கம் கேட்கப்படவில்லை' என்று சேர்த்தாள்.

வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா, இது உங்க மினிட்ஸ் இல்ல. நீதிமன்றத்துல குடுக்கற அஃபிடவிட்."

"தெரியும் சார். அதனாலதான் திருத்தறேன். சுத்தமா அடிச்சுக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவர் அடித்துக் கொடுக்கவில்லை. கோபத்தோடு போய்விட்டார். அவளே அடித்தாள். ஒன்றரை பக்கம். சத்தியப் பிரமாணம் செய்து வைக்கிற அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, நீதிமன்றத்துக்கு நேராக அனுப்பச் சொல்லி உறையை என்னிடம் நீட்டினாள். நான் அதைப் பத்து நிமிஷம் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எதிரிலேயே நின்றாள். வேறு வழியில்லாமல் பதிவேட்டில் ஏற்றி முத்திரை குத்தினேன்.

தீர்ப்பு வர அதிக நாள் ஆகவில்லை. ஒருவரைக் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னது ஏற்கத்தக்கதல்ல என்று எழுதி வைத்தது விசாரணையே அல்ல என்றார் நீதிபதி. நீக்கம் ரத்து. வேண்டுமானால் வாரியம் முறைப்படி அவரைக் கேட்டுவிட்டு மறுபடி முடிவெடுக்கலாம் என்றும் சொன்னார். வாரியத்துக்கு அந்தத் தைரியம் வரவில்லை. தலைவர் உடல்நிலை சரியில்லை என்று விலகிக்கொண்டார். ஐந்து மாசம் வீட்டில் இருந்த தெர்மாமீட்டர் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தன் அறையில் வந்து உட்கார்ந்தார்.

வந்து பத்தாம் நாள் அக்காவுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பினார். கூட்டத்துக்கு முன்பே நடவடிக்கைக் குறிப்பு தயாரித்தது, நடந்ததற்கு மாறாக இருந்தும் அதைத் திருத்தாமல் விட்டது. பதினைந்து நாளில் எழுத்துமூல விளக்கம், அதன்பின் நேர்முக விசாரணை. அதுவும் என் கை வழியாகத்தான் வந்தது. வாசித்ததும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"நன்றி கெட்ட ஜென்மம். நீ இல்லாட்டி அந்தாள் இன்னும் வீட்லதான் உக்காந்திருப்பான். நீ சும்மா இருக்கே, நான் போய்க் கேக்கறேன்" என்றேன்.

"உக்காருடி. செஞ்சேன்ல? கேக்கறார். கேக்கத்தானே வேணும்" என்றாள்.

விசாரணைக்குப் பதிவு எழுத ஒருத்தர் வேண்டும். அவள் விசாரணையை அவளே எழுத முடியாது. தட்டச்சு தெரிந்தவள் என்று என்னை உட்கார வைத்தார்கள். விசாரணை தலைமை நிர்வாகியின் அறையில். மேசையில் ஒரு தண்ணீர்ப் புட்டி, நாட்காட்டி, அந்தத் தெர்மாமீட்டர். ஆரம்பிக்கும் முன் அவரே சொன்னார்: "இந்த விஷயத்துல நானும் சம்பந்தப்பட்டவன். நான் விசாரிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலாம். வேற அதிகாரியைப் போடறேன்."

"நீங்களே கேளுங்க சார்" என்றாள் அக்கா.

ஒன்றரை மணி நேரம் கேட்டார். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. முன்தாள் ஏன் வந்தது, எப்படி வந்தது, எத்தனை தடவை மாற்றி அடித்திருக்கிறாள், எல்லாம் சொன்னாள். நான் எழுதிக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலைப்பளு, பழைய வழக்கம், மேலிடத்து உத்தரவு, ஒரு கவனக்குறைவு. இதற்கெல்லாம் ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று என் மனசு கணக்குப் போட்டது.

கடைசியில் அவர் கேட்டார். "அன்னிக்கு மட்டும் ஏன் தாளை மாத்தி அடிக்கல?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "தலைவர் என்கிட்ட, ஏழாவது பொருள்ல அவரை நீக்கறோம், தயார் பண்ணிடுங்கன்னு மட்டும்தான் சொன்னார். விளக்கம் முழுமையாகக் கேட்கப்பட்டது, ஏற்கத்தக்கதாக இல்லைன்னு எழுதினது நான். அது என் வாசகம். மறுநாள் நீங்க பேசலைன்னு தெரிஞ்சும் நான் மாத்தலை. நேரம் இருந்தது. உங்க மேல எனக்குக் கோபம் இருந்தது. நீங்க போகணும்னு நினைச்சேன்."

என் விரல் நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி" என்றார். அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை "சரி" என்றார். அப்புறம், இதைக் கேட்ட பிறகு தண்டனையைத் தான் முடிவு செய்வது முறையில்லை என்றும், பதிவு பணியாளர் பிரிவு அதிகாரிக்குப் போகும், அவர் முடிவு செய்வார் என்றும் சொல்லி எழுந்தார்.

பணியாளர் பிரிவு அதிகாரி எங்கள் கட்டிடத்திலேயே இல்லை. அவருக்கு அக்காவையும் தெரியாது, எட்டு நிமிஷத்தையும் தெரியாது. தாளில் இருப்பது மட்டும்தான் தெரியும். நான் என் மேசைக்கு வந்து பதிவைச் சுத்தமாக அடித்தேன். கடைசிக் கேள்விக்குப் பதிலாக, 'வேலைப்பளு காரணமாகத் திருத்த இயலவில்லை என்றார்' என்று ஒரு வரி போட்டேன். கூசவில்லை. அவளுக்காக அதைவிடப் பெரிய பொய்யும் எழுதியிருப்பேன்.

கையெழுத்துப் போடுமுன் அவள் வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, தான் சொன்னதையெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை எழுதினாள். பென்சில் இல்லை, மை.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றேன். "அவர்தான் காதால கேட்டாச்சே. தாள்ல எதுக்கு? இந்த ஒரு வரியாலதான் நீ போகப் போறே."

"அவரைப் பேச விடலைங்கறதை நான் எழுதாம விட்டேன்" என்றாள். "நான் பேசினதை நீ எழுதாம விடறே. அஞ்சு மாசம் அந்த மனுஷன் எதுக்காக வீட்ல உக்காந்திருந்தார்னு எங்கேயாவது ஒரு இடத்துல எழுதியிருக்க வேணாமா?"

 என் வாய் அடைத்துப்போனதை அலுவலகத்தில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே செய்தது என்று எழுதியிருந்தது. ஒரு படி கீழே இறக்கி, வாரியக் கூட்டப் பணியிலிருந்து நீக்கி, பழைய கோப்பு அறைக்கு மாற்றம். உறையைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றினதும் நான்தான், அவளிடம் எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். இரண்டு தடவை வாசித்தாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேசை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கறே? திட்டறதுன்னா திட்டிடு" என்றாள்.

எனக்குத் திட்ட வரவில்லை. அவளுடைய இழுப்பறையை என் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே அழுதேன்.